குளத்தில் மயில்துத்தம் கலக்கும் முன் ஒரு சொட்டை எடுத்துப் பாருங்கள்

போன பங்குனியில் எங்கள் ஊர்க் குளம் பச்சை பூத்துவிட்டது. பாசி பிடித்தது என்று சொன்னால் சரியாக வராது. நமக்குத் தெரிந்த பாசி கல்லில் ஒட்டும், படித்துறையில் வழுக்கும், கம்பை விட்டுச் சுழற்றினால் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வரும். இது கம்பில் வரவே இல்லை. யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பச்சைப் பெயிண்டை டப்பா டப்பாவாகக் கவிழ்த்த மாதிரி இருந்தது. காற்று தள்ளுகிற கரையில் ஒதுங்கித் தடித்துக் கிடந்தது. ஓரத்தில் காய்ந்த இடம் நீலம் பாரித்திருந்தது. வாடை வேறு.

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே இருக்கிறது. குற்றாலத்தில் விழுகிற தண்ணீர்தான் சிற்றாறாகி, அணைக்கட்டுகளில் மறிபட்டு, கால்வாய் வழியாகக் குளம் குளமாக நிறைந்து கடைசியில் எங்களிடம் வருகிறது. மேலே இருக்கிற குளங்கள் நிறைந்து மறுகால் போனால்தான் எங்களுக்குத் தண்ணீர். ஆக, மேலே குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், உரம் போடுகிறவர்கள் எல்லாரும் விட்டதுபோக மிச்சம்தான் எங்கள் குளம். பிசான அறுப்பு முடிந்தபிறகு கொஞ்சமாய்க் கிடக்கிற அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊர் மாடுகள் இருக்கின்றன.

ஊர்க்கூட்டம் போட்டோம். ஒரு உரக்கடையில் கேட்டு வந்த அண்ணாச்சி ஒருத்தர் எழுந்தார். "மயில்துத்தத்த நாலு மூடை வாங்கிக் கலக்கி விட்டா ரெண்டு நாள்ல தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிரும். ஊருக்கு ஆளுக்கு இருநூறு ரூவா வரி போட்டா முடிஞ்சு போச்சு." பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீன்பாசிக் குத்தகைக்காரர் மட்டும் எழுந்து, மீன் செத்தால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டார். அவர் குத்தகைப் பணத்துக்காகப் பேசுகிறார் என்று எல்லாரும் அவரை உட்காரச் சொன்னார்கள். நானும் சொன்னேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மயில்துத்தம் என்றால் நம்மவர்களுக்குப் பயமே கிடையாது. போர்டோ கலவைக்கு நாமே வாங்குகிறோம். இயற்கை வேளாண்மைச் சான்றிதழிலும் அளவோடு அதற்கு அனுமதி உண்டு. அதனால், இது விஷக்கடை மருந்து இல்லை, பழைய காலத்துச் சரக்கு என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் நானும் இருந்தேன்.

அன்றைக்கு என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் படிக்கிறாள். கல்லூரியில் ஒரு பயிற்சியில் கொடுத்தார்கள் என்று காகிதத்தில் மடித்த நுண்ணோக்கி ஒன்று வைத்திருந்தாள். ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர். பார்ப்பதற்குக் கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து மடித்த மாதிரி இருக்கும். நடுவில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி உருண்டை. அதுதான் லென்ஸ். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் மனு பிரகாஷ் என்ற நம் நாட்டுக்காரரும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் செய்தது, 2014-ல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். ஒரு பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். காந்த வளையம் ஒன்றை வைத்துச் செல்போன் கேமராவோடு ஒட்டிவிட்டால், கண்ணால் பார்ப்பதைப் படமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

மடைப்பக்கம் போய் ஒரு சொட்டு எடுத்து வந்து கண்ணாடிச் சில்லில் வைத்தாள். "அப்பா, இங்க பாருங்க." செல்போன் திரையில் பார்த்தேன். அவல் உருண்டையை உதிர்த்துப் போட்ட மாதிரி, ஒழுங்கில்லாத கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் புள்ளிகள். படத்தை அவளுடைய பேராசிரியருக்கு அனுப்பினாள். மைக்ரோசிஸ்டிஸ் மாதிரித் தெரிகிறது, மாடுகளை விடாதீர்கள், எதையும் கலக்காதீர்கள், இன்னும் இரண்டு இடத்தில் எடுத்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

மைக்ரோசிஸ்டிஸ் என்பது நீலப்பச்சைப் பாசி வகை. உள்ளே காற்றுப் பைகள் வைத்துக்கொண்டு மிதக்கும். அதில் சில ரகங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். எல்லா ரகமும் உண்டாக்காது. நஞ்சு உண்டா இல்லையா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: நஞ்சு இருந்தால், பாசி உயிரோடு இருக்கும்வரை அது பெரும்பாலும் பாசியின் உடம்புக்குள்ளேயே இருக்கும். மயில்துத்தம் போட்டால் பாசி வெடித்துச் செத்து, உள்ளே இருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் என்று அண்ணாச்சி சொன்னாரே, அந்தத் தெளிந்த தண்ணீர்தான் ஆபத்து. பச்சையாக இருந்தால் மாடுகூட முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போகும். தெளிந்திருந்தால் வயிறு முட்டக் குடிக்கும்.

இப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பாம் தீவு என்று ஒரு இடம். அந்த நாட்டின் பூர்வகுடி மக்கள் வாழும் ஊர். 1979-ல் அங்கே குடிநீர் அணையில் பாசி படர்ந்து, தண்ணீர் நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்ததால் மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேர் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதில் 138 பேர் குழந்தைகள். முதலில் அதற்குப் பெயர்கூட வைக்க முடியாமல் மர்ம நோய் என்றார்கள். அணைத் தண்ணீரில் இருந்த ஒரு நீலப்பச்சைப் பாசிதான் காரணம் என்று சில ஆண்டுகள் கழித்தே கண்டுபிடித்தார்கள். மருந்து போடுவதற்கு முந்தின நாள் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து, விவரம் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் மறுபடி கூட்டம் போட்டு, செல்போன் படத்தை எல்லார் கையிலும் கொடுத்தோம். நான் வாயால் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார்கள், படத்தைப் பார்த்ததும் கேட்டார்கள். மயில்துத்தம் நின்றது. மாடுகளைப் பம்புசெட்டுத் தொட்டிக்கு மாற்றினோம். சித்திரையில் இரண்டு கோடை மழை விழுந்ததும் பச்சை கலைந்தது. கலைகிற சமயத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் கெண்டைகள் வாய் பிளந்து மேலே வந்தன, கொஞ்சம் செத்தும் போயின. குத்தகைக்காரரிடம் நான் போய்ப் பேசினேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கன்று ஒன்றுக்கு நாலு நாள் கழிச்சல் இருந்தது. பிழைத்துக்கொண்டது. அது இந்தத் தண்ணீரால்தானா என்று கால்நடை மருத்துவரால் சொல்ல முடியவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் நம் இயக்கத்துக்குள் இருக்கிற ஒரு குறை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி நாம் பேசாத கூட்டம் உண்டா? ஜீவாமிர்தம் கலக்கும்போது, அமிர்தக் கரைசல் கலக்கும்போது, பஞ்சகவ்யம் ஊற்றும்போது கோடி கோடி உயிர்கள் என்கிறோம். இருபத்திரண்டு வருஷமாக நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடியில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பார்ப்பதற்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டும் என்கிற தயக்கம்தான் காரணம். முதன்முதலில் பார்த்தவரே விஞ்ஞானி இல்லை. ஹாலந்தில் ஆன்டனி வான் லீவன்ஹோக் என்கிற ஜவுளி வியாபாரி. சின்னக் கண்ணாடி லென்ஸ் ஒன்றே ஒன்றை வைத்துத் தானே செய்த கருவியில் 1674-ல் பக்கத்து ஏரித் தண்ணீரைப் பார்த்தார். கோடையில் அந்த ஏரி வெளுத்து, பச்சை மேகம் மாதிரி மிதக்குமாம். அது பனி விழுவதால் வருகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள். இவர் ஒரு சொட்டைப் பார்த்தால், பாம்பு மாதிரிச் சுருண்ட பச்சை இழைகளும், ஓடித் திரியும் சின்ன உயிர்களும். அந்த ஏரிக்கரைக்காரர்கள் பனியைச் சொன்னார்கள், எங்கள் குளத்துக்கரையில் ஒரு பாட்டி கண்ணேறு என்றார். இடையில் 350 வருஷம் ஓடிவிட்டது.

நம் பக்கத்திலும் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். சென்னையில் மா.ஓ.பா. ஐயங்கார் என்ற பேராசிரியர் 1932-ல் ஈரமண்ணில் வளர்கிற ஒரு பாசியைக் கண்டுபிடித்து ஃபிரிட்ஷியெல்லா என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய மாணவர் தி.வெ. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெரிய நூலை 1959-ல் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. பக்கம் பக்கமாகக் கோட்டுப்படங்கள். வேளாண் ஆராய்ச்சிக் கழகம் எதற்குப் பாசிப் புத்தகம் போட்டது? நெல்லுக்காகத்தான். நெல் வயலில் உரம் போடாமலே தழைச்சத்து சேர்வதற்கு நீலப்பச்சைப் பாசிகள் காரணம் என்று பி.கே. டே என்பவர் 1939-லேயே எழுதிவிட்டார்.

இங்கேதான் படம் பிடித்துப் பார்ப்பதன் அருமை இருக்கிறது. நீலப்பச்சைப் பாசி என்ற ஒரே குடும்பத்தில்தான் குளத்தைக் கெடுக்கிறவனும் இருக்கிறான், வயலுக்குச் சோறு போடுகிறவனும் இருக்கிறான். அசோலா வளர்க்கிறவர்கள் ஒரு இலையை நசுக்கிக் காகித நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். முத்துமாலை மாதிரி ஒன்று தெரியும். அனபீனா. மாலையில் இடையிடையே ஒரு முத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக, வெளிறிப்போய், தடித்த சுவரோடு இருக்கும். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை அந்த முத்தில்தான் நடக்கிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் ஆகாது, அதனால்தான் தடித்த சுவர். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் அசோலாவை அள்ளி அள்ளி வயலில் போட்டிருக்கிறேன், உள்ளே இருந்து உழைக்கிறவன் முகத்தைப் பார்த்ததில்லை. வயலில் பச்சை படர்ந்தால் பயந்து மயில்துத்தத்தைத் துணியில் கட்டி மடைவாயில் போடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் இப்போதும் உண்டு. யாரைக் கொல்கிறோம் என்று தெரியாமலே கொல்வதுதான் அது. நூல்பாசி நாற்றை மூடி அமுக்குகிற சமயம் உண்டுதான், ஆனால் அதை வேறு வழியில், வயலை ஒரு நாள் வடித்துக் காயவிட்டும் சரிசெய்யலாம்.

நுண்ணோக்கி கையில் இல்லாதவர்களுக்கும் இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று கம்பு. கம்பில் நூலாகச் சுற்றி வந்தால் அது பெரும்பாலும் சாதாரண நூல்பாசி. பெயிண்ட் மாதிரி ஒட்டிக்கொண்டு வழிந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று பாட்டில். கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு முக்கால் பாட்டில் தண்ணீர் எடுத்து, அசைக்காமல் ஒரு ராத்திரி வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் சாதாரணப் பச்சைப்பாசியாக இருக்கலாம். மேலே ஏடு மாதிரி மிதந்து நின்றால் நீலப்பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாட்டை விடாதீர்கள், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். இது வெறும் முதல் சோதனைதான், முடிவு கிடையாது.

வெளிநாடுகளில் இந்த வேலைக்குப் பெரிய கருவிகள் வந்துவிட்டன. தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, கடந்து போகிற ஒவ்வொரு துகளையும் கேமரா படம் எடுக்கும். நீல ஒளி பட்டால் உயிருள்ள பாசியின் பச்சையம் சிவப்பாக ஒளிரும், மண் துகள் ஒளிராது. அதை வைத்துப் பாசி எது வண்டல் எது என்று பிரித்துவிடும். நீளம், அகலம், எண்ணிக்கை எல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பிக்லோ ஆய்வுக்கூடத்தில் 1990-களின் கடைசியில் இப்படி ஒன்றைச் செய்தார்கள். வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் ஹெய்டி சோசிக், ராபர்ட் ஓல்சன் இருவரும் கடலுக்குள்ளேயே மாதக்கணக்கில் நின்று படம் எடுக்கிற கருவியைச் செய்தார்கள். அந்தக் கருவி 2008-ல் டெக்சாஸ் கடற்கரையில் நச்சுப் பாசி ஒன்று திடீரென்று பெருகுவதைக் காட்டிக்கொடுத்தது. அங்கே சிப்பித் திருவிழா நடக்க இருந்த சமயம். சிப்பி எடுப்பதை உடனே நிறுத்தினார்கள். சாப்பிட்டு நோய் வந்தபிறகு காரணம் தேடாமல், முன்னாலேயே தடுத்துவிட்டார்கள்.

நல்ல கருவிதான். ஆனால் இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்த இயந்திரம் பாசியை அடையாளம் காண்பது, முன்னால் யாரோ பார்த்துப் பெயர் வைத்துக் கொடுத்த படங்களை வைத்துத்தான். வுட்ஸ் ஹோல் கருவி எடுத்ததில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பெரிய மனது. ஆனால் அத்தனையும் அமெரிக்கக் கடலோரத்துப் படங்கள். சிற்றாற்றுக் குளத்துப் பாசி அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த ஒன்றின் பெயரில் அது துணிச்சலாகச் சொல்லிவிடும். நாளைக்கு ஒரு கம்பெனி பெட்டியோடு வந்து, உங்கள் குளத்தைப் படம் எடுத்துத் தருகிறோம், மாதம் இவ்வளவு சந்தா, பாசி வந்தால் எங்கள் மருந்தையே வாங்குங்கள் என்று சொல்லும். சொல்லாது என்று நினைக்கிறீர்களா? விதையில் பார்த்தோம், உரத்தில் பார்த்தோம். நோயைச் சொல்கிறவரும் மருந்தை விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனால் படங்கள் முதலில் நம்மிடம் இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு காகித நுண்ணோக்கி, ஒரு பழைய செல்போன், ஒரு நோட்டு. மாதம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே இடங்களில்: ஐந்தருவிக்குக் கீழே, தென்காசி தாண்டி, அணைக்கட்டில், குளத்து மடையில். தேதி, இடம், தண்ணீரின் நிறம், மழை உண்டா, மேலே என்ன உரம் போட்ட சமயம், எல்லாம் எழுதி, படத்தோடு வைக்க வேண்டும். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது, நம் மாவட்டத்துக்குள்ளேயே. அப்படிப்பட்ட இடத்தில் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல ஒரு ஆள், நஞ்சைச் சோதிக்க ஒரு வசதி, முடிந்தால் அந்தப் பெரிய படக்கருவியில் ஒன்று வேண்டும் என்று அரசிடம் நாம் கேட்க வேண்டும். மண் பரிசோதனைக்குக் கேட்டு வாங்கினோம் அல்லவா? இப்போது பாசனத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால் பி.எச்., இ.சி., உப்பு என்று ஒரு தாள் வரும். தேவையான தாள்தான். ஆனால் எங்கள் குளம் பெயிண்ட் மாதிரிக் கிடந்த நாளிலும் அந்தத் தாளில் பாசி என்று ஒரு வரிகூட வந்திருக்காது.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. குளம் பச்சையாவதற்கு முக்கியக் காரணம் மணிச்சத்து. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி 1973-ல் ஒரு ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். இரண்டு பக்கமும் தழைச்சத்தும் கரிமச்சத்தும் போட்டார். ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தை விளக்கம் வேண்டாம். நமக்கு உடனே என்ன தோன்றும்? டி.ஏ.பி. போடுகிறவர்களைக் கைகாட்டத் தோன்றும். குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பு போடுகிறவர்களைக் கைகாட்டத் தோன்றும். நியாயம்தான். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்லியும், சீசன் நேரத்தில் ஐந்தருவிப் பாதையோரம் ஷாம்பு பாக்கெட் உறைகள் கிடக்கத்தான் செய்கின்றன. தென்காசிச் சாக்கடை எங்கே போகிறது என்றும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் சாணியிலும் மணிச்சத்து உண்டு. கோழி எருவில் இன்னும் அதிகம். கால்வாய்க் கரையில் எருக்குழி போட்டிருக்கிற இயற்கை விவசாயிகளை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். மழைக்கு அது கரைந்து எங்கே போகும்? பாசிக்கு இது ரசாயன மணிச்சத்து, இது இயற்கை மணிச்சத்து என்று பேதம் தெரியாது. மீன் வளர்ப்பவர் குளத்தில் கொட்டுகிற எருவும் அப்படித்தான். இந்த வருஷம் என் எருக்குழியைக் கால்வாயிலிருந்து தள்ளி, மேட்டில் வரப்புக் கட்டி மாற்றிவிட்டேன். டி.ஏ.பி.க்காரரிடம் போய்ப் பேசுவதற்கு இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் வாய் இருக்கிறது.

பிளாஸ்டிக் கதையும் இதே மாதிரி. ஐந்தருவிக்குக் கீழே எடுத்த சொட்டுகளில் எங்களுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு நிறத்தில் மெல்லிய இழைகள் தென்பட்டன. உடனே அருவியில் பிளாஸ்டிக் என்று வாட்ஸ்அப்பில் போட ஒரு தம்பி கிளம்பிவிட்டார். நான் தடுத்தேன். சாயம் போட்ட பருத்தி நூலும் அப்படித்தான் தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசி முனையை நுண்ணோக்கியில் பார்த்தபடியே அருகில் கொண்டுபோனால் பிளாஸ்டிக் சுருளும், உருகும், பருத்தி அப்படி உருகாது. அதுவும் சுமாரான சோதனைதான். நிச்சயமாகச் சொல்ல ஆய்வகத்தில் வேறு கருவி வேண்டும். இன்னொன்று: கறுப்புத் துணுக்குகள் சிலவற்றைப் பார்த்தபோது எனக்கு அருவி நினைவுக்கு வரவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் கிழிந்து பறக்கிற மல்ச்சிங் ஷீட்தான் நினைவுக்கு வந்தது. களைக்கொல்லி வேண்டாம் என்று நாம் விரித்ததுதான் அது.

எதைப் பார்க்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். காகித நுண்ணோக்கியில் இரண்டு மைக்ரான் அளவுக்குத்தான் விவரம் பிரியும். பாக்டீரியாக்களில் பல அதைவிடச் சின்னவை. ஜீவாமிர்தத்தில் துள்ளுகிறவற்றைப் படம் எடுத்து, நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் நடனமாடுவதைப் பாரீர் என்று போடுகிறார்கள். துள்ளுவதில் பெரியவை பாக்டீரியாவைத் தின்ன வந்த வேறு உயிர்கள். சின்னவற்றில் பாதி வெறும் தூசி. தூசியும் தண்ணீருக்குள் சும்மா இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். நன்மை செய்வது எது என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. இப்படியெல்லாம் போட்டால், நாளைக்கு நிஜமாகவே குளம் கெட்டுப்போய் நாம் படம் காட்டும்போது அதிகாரிகள் சிரிப்பார்கள்.

எங்கள் நோட்டில் இப்போது ஐந்து மாதப் படங்கள் இருக்கின்றன. ஆனியில் சாரல் தொடங்கியபிறகு எடுத்த படங்களில் கட்டி கட்டியான அந்த ஆள் இல்லை. படகு மாதிரி, ஊசி மாதிரி, கண்ணாடி ஓடு போர்த்திய டயட்டம்கள் நிறைய. அருவிப் பாறையில் காலை வழுக்கிவிடுகிறவர்களில் அவர்களும் உண்டு. அடுத்த பங்குனியில் மைக்ரோசிஸ்டிஸ் திரும்ப வருமா, எந்த வாரத்தில் தலைகாட்டும் என்பது இந்த நோட்டில் தெரிந்துவிடும். மேலூர்க் குளத்துக்காரர்களும் ஒரு நோட்டுப் போட்டால் எங்களுக்கு வருவதற்கு முன்பே தெரியும். கேட்டிருக்கிறோம்.

மயில்துத்தம் வாங்கச் சொன்ன அண்ணாச்சி போன வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சொம்பு. "ஏ தம்பி, அந்தக் காயித மிஷினக் கொண்டா. எங்க கிணத்துத் தண்ணியையும் பாத்துருவோம்." திண்ணையில் உட்கார்ந்து கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒண்ணுமே இல்லயே வே!" என்றார், ஏமாந்துபோன மாதிரி. உப்பு இதில் தெரியாது அண்ணாச்சி, அதற்கு ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். சொம்பை அங்கேயே வைத்துவிட்டு, வாய்க்கால் தண்ணீர் ஒரு கை அள்ளி வருகிறேன் என்று எழுந்து போனார்.